அதிக வட்டியும் தவறான வட்டியும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்திற்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் இப்பொழுது வீட்டுமனை விளம்பரப் பலகைகளே மிகுதியாகக் கண்ணில் படுகின்றன. இராமாநுசர் அவதரித்த தலம் என்ற அளவிலேயே நெடுங்காலம் வெளியூரார் அறிந்திருந்த ஊர் இது. 1990-களின் பிற்பகுதியில் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. அதன்பின் கண்ணாடி, கைப்பேசி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள் என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கங்களிலிருந்து இருபது வயதில் இங்கே வேலைக்கு வந்த இளைஞர்கள் முதலில் நால்வர் ஐவராகக் கூடி ஓர் அறையில் தங்கினார்கள். பிறகு மணம் புரிந்து வாடகை வீடு பார்த்தார்கள். பிறகு படப்பையிலோ சுங்குவார்சத்திரத்திலோ ஒரு மனையை வாங்கி வீடு கட்டிக் கொண்டார்கள். அவர்களுள் நானும் ஒருவன். சம்பளச் சீட்டு ஒன்றே எங்கள் செல்வம். அதைக் காட்டித்தான் வங்கியில் கடன் பெற்றோம்.

வீட்டுக் கடன் என்று நாம் சொல்கிறோமே அன்றி, சட்டத்தின் நோக்கில் அஃது அடமானமே ஆகும். மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து, அதன்பேரில் பணம் பெறுகிறோம். பத்திரத்தை ஒப்படைப்பதனாலேயே உண்டாகும் இவ்வகை அடமானத்தை 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் தொடக்கத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் முதலிய சில நகரங்களுக்கே உரியதாக வைத்திருந்தது. வேறு ஊர்களுக்கு அது பின்னரே விரிந்தது. ஊர்ப்புறத்துப் பழைய அடமானங்களில் 'நூற்றுக்கு ஒன்று', 'நூற்றுக்கு ஒன்றரை' என்று முதல் நாள் பேசிய வட்டியே கடைசி நாள் வரையில் நிற்கும். இன்றைய வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டி உடையவை. இருபது ஆண்டுக் காலத்தில் வட்டி எத்தனையோ முறை ஏறும், இறங்கும். அவ்வாறு ஏறி இறங்குகையில், வங்கி நம்மிடம் வாங்குவது ஒப்புக்கொண்ட வட்டிதானா என்பதை எவ்வாறு அறிவது, அன்று என்று கண்டால் என்ன செய்வது என்பதே இன்றையப் பேச்சின் பொருள்.

இந்த ஐயம் என் ஒருவனுக்குத் தோன்றிய புதுமை அன்று. 2010 ஜூலை முதல் அடிப்படை வீதம் என்ற முறையும், 2016 ஏப்ரல் முதல் எம்.சி.எல்.ஆர். என்ற முறையும் வழக்கில் இருந்தன. இரண்டிலும், தன் செலவைத் தானே கணக்கிட்டு, அதைக் கொண்டு வட்டியை வகுப்பது வங்கியின் கையிலேயே இருந்தது. நாட்டில் வட்டி ஏறும்போது கடன்காரரின் வட்டி விரைந்து ஏறுவதும், இறங்கும்போது மெல்ல அசைவதும் எல்லோரும் கண்ட காட்சி. ரிசர்வ் வங்கியே ஜனக் ராஜ் என்னும் அதிகாரியின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 2017 அக்டோபரில் வெளியாயிற்று. வகுத்த முறையினின்று வங்கிகள் தம் விருப்பம்போல் விலகி, அடிப்படை வீதத்தை உயர்த்தியோ, இறங்க விடாமல் தடுத்தோ வைத்திருந்தன என்று அவ்வறிக்கை மறைக்காமல் கூறியது. மனிலைஃப் பவுண்டேஷன் என்னும் மும்பை அமைப்பு இதனை உச்ச நீதிமன்றம் வரையில் கொண்டு சென்றது; அவ்வமைப்பின் முறையீட்டின்மேல் ரிசர்வ் வங்கி ஆறு வாரத்துள் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று 2018 அக்டோபரில் நீதிமன்றம் பணித்தது. இவற்றையெல்லாம் கடந்த பின்னரே, 2019 அக்டோபர் முதல் நாளிலிருந்து, வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் அனைத்தும் வங்கிக்குப் புறத்தேயுள்ள ஓர் அளவுகோலோடு பிணைக்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

பெரும்பாலான வங்கிகள் மேற்கொண்ட அளவுகோல் ரெப்போ வீதம். வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தருகையில் ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி அது. அதன்மேல் வங்கி தன் செலவுக்கும் ஆதாயத்திற்கும், கடன் திரும்பாமற் போகக்கூடிய அபாயத்திற்கும் ஒரு சிறு வீதத்தைச் சேர்த்துக்கொள்கிறது. வங்கியார் அதனை ஸ்பிரெட் என்பர்; நாம் மேற்சேர்ப்பு என்போம். ரெப்போ ஏறினால் நம் வட்டியும் ஏறும், இறங்கினால் இறங்கும். மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் இந்த மறுநிர்ணயம் நடந்தாக வேண்டும். மேற்சேர்ப்போ அவ்வாறு அசையக் கூடியது அன்று. அபாயத்திற்கான பகுதியை, கடன்காரரின் தகுதியில் பெரிய மாறுதல் நேர்ந்தாலன்றி மாற்றலாகாது. செலவு முதலிய பிற பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறையே மாற்றலாம் என்று 2019ஆம் ஆண்டு விதி கூறியது. நேயர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றவையெல்லாம் பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்கே.

என் கணக்கையே எடுத்துக் கூறுகிறேன். வங்கியின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. 2020 நவம்பரில் 24 இலட்சம் ரூபாய் கடன் பெற்றேன். தவணைக் காலம் இருபது ஆண்டு. அப்பொழுது ரெப்போ 4.00, அனுமதிக் கடிதத்தில் எழுதிய மேற்சேர்ப்பு 2.90, ஆக வட்டி 6.90 சதவிகிதம். மாதத் தவணை 18,463 ரூபாய். 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ஆறு முறை ரெப்போவை உயர்த்தி 6.50-இல் கொண்டு நிறுத்தியது. விலைவாசியை அடக்குவதற்காக உலகெங்கும் அவ்வாண்டில் நடந்த செயல் அது. என் தவணைத் தொகை மட்டும் மாறவில்லை. அதே 18,463 ரூபாய் மாதந்தோறும் சம்பளக் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டு வந்தது. 2023 மே மாதத்தில் கடன் கணக்கின் முழுப் பதிவையும் கேட்டு வாங்கினேன். ஏப்ரல் மாத வரியில், கட்டிய 18,463 ரூபாயில் வட்டிக்குப் போனது 18,425 என்றும், அசலில் கழிந்தது 38 என்றும் அச்சிட்டிருந்தது.

முப்பத்தெட்டு ரூபாய்! ஒரகடம் கூட்டுரோட்டில் இரண்டு தேநீர் குடித்து ஒரு வடை தின்றால் தீர்ந்துபோகும் காசு. அந்த வேகத்தில் கடன் அடைவதற்கு இன்னும் எத்தனை தவணை வேண்டும் என்று கணக்கிட்டேன். ஏறத்தாழ 770 மாதங்கள் என்று விடை வந்தது. எனக்கு அப்பொழுது நாற்பது வயது. ஆலையில் ஓய்வு பெறும் வயது ஐம்பத்தெட்டு. நூற்று நான்காம் வயதில் வீடு எனக்குச் சொந்தமாகும் என்று அந்தக் காகிதம் சொல்லிற்று. இந்த வட்டாரத்தில் வேலையின் ஆயுள் எத்தகையது என்பதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆலை நின்றாலும் தவணை நிற்பதில்லை.

இவ்விடத்தில்தான் சினத்தை அடக்கிக் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரெப்போ 2.50 ஏறியது உண்மை. ஆகவே என் வட்டியும் 2.50 ஏற வேண்டியதே. அதற்கு நான் ஒப்பிக் கையெழுத்திட்டிருக்கிறேன். 6.50-உடன் 2.90-ஐக் கூட்டினால் 9.40 ஆகிறது. வங்கி போட்டிருந்ததோ 9.65. அந்தக் கால் சதவிகிதம் எங்கிருந்து வந்தது? பதிவைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். 2022 ஜூலை மறுநிர்ணயத்தில் ரெப்போ 4.90, வட்டி 7.80, சரி. அக்டோபரில் ரெப்போ 5.90, வட்டி 8.80 ஆக இருத்தல் வேண்டும், 9.05 என்று இருந்தது. அன்று முதல் மேற்சேர்ப்பு 2.90-க்குப் பதிலாக 3.15 ஆகி, அப்படியே நிலைத்து விட்டது. கடன் பெற்று இரண்டு ஆண்டு கூட நிறையவில்லை. ஒரு தவணையும் தவறியதில்லை. சிபில் மதிப்பெண்ணும் குறையவில்லை.

சரியான வட்டியே போட்டிருந்தாலும் அந்த ஏப்ரலில் அசலில் கழிந்திருக்கக் கூடியது 538 ரூபாய்தான். கடன் தீர 453 மாதங்கள் ஆகும். எனக்கு வயது எழுபத்தெட்டு ஆகிவிடும். அந்தப் பாரத்திற்கு வங்கியின் தவறு காரணம் அன்று. தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டிக்கொண்டே போனது காரணம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வங்கிக்குச் செல்பவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

கிளையில் இருந்த அதிகாரி நல்லவர். கணினித் திரையைப் பார்த்து, "சார், வட்டியை நாங்கள் போடுவதில்லை, தலைமை அலுவலகத்திலிருந்து தானாக வருகிறது. எல்லோருக்கும் ஏறியிருக்கிறது" என்றார். எல்லோருக்கும் ஏறியிருக்கிறது என்பது உண்மையே. என் கேள்விக்கு அது விடை அன்று. 2023 ஜூன் மாதத்தில் எழுத்து மூலமாக முறையீடு கொடுத்து, அதற்குரிய எண்ணையும் பெற்றுக்கொண்டேன். அந்த எண் இல்லாத முறையீடு காற்றில் பேசிய பேச்சுக்கு ஒப்பாகும். ஜூலையில் பதில் வந்தது. தங்கள் வட்டி வீதம் வங்கியின் கொள்கைப்படியும் சந்தை நிலவரப்படியும் வகுக்கப்பட்டது. அது நியாயமானதே என்று அப்பதில் முடிந்திருந்தது.

இந்தப் பதிலில் ஒரு நுட்பம் இருக்கிறது. நான் 'தவறு' என்று எழுதினேன். வங்கி, நான் 'அதிகம்' என்று எழுதியதாகக் கொண்டு விடையிறுத்தது. இவ்விரண்டிற்கும் சட்டத்தில் வானுக்கும் மண்ணுக்கும் உள்ள தொலைவு. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவு உண்டு, 1984-இல் சேர்க்கப்பட்டது. வட்டி அதிகம் என்ற காரணத்திற்காக, வங்கிக்கும் கடன்காரருக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலை எந்த நீதிமன்றமும் மீண்டும் திறந்து ஆராயலாகாது என்பது அதன் கருத்து. கந்து வட்டிக்காரன் மேல் 'அதிகம்' என்று முறையிட நமக்கு 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. வங்கியின்மேல் அச்சொல்லைக் கொண்டு போக வழியில்லை. நீதிமன்றத்தை விடுத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனாலும், வங்கியின் வணிக முடிவு சார்ந்த முறையீடுகளை ஏற்பதில்லை என்று 2021ஆம் ஆண்டுத் திட்டம் எழுதி வைத்திருந்தது. 'அதிகம்' என்று எழுதியவரின் மனு அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

'தவறு' என்பதற்கு இந்தத் தடைகள் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியது இது, ரிசர்வ் வங்கியின் விதி இது, வாங்கியது இது என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால், அங்கே வணிக முடிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே என் இரண்டாவது கடிதத்தில் குடும்பக் கஷ்டத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஒவ்வொரு மறுநிர்ணய நாளுக்கும் ஒரு வரி வீதம், ரெப்போ இவ்வளவு, ஒப்பிய மேற்சேர்ப்பு இவ்வளவு, வர வேண்டிய வட்டி இவ்வளவு, போட்ட வட்டி இவ்வளவு என்று எழுதினேன். கடைசியில் இரண்டே கேள்விகள்: மேற்சேர்ப்பை எந்த நாளில், எந்த விதிப்படி உயர்த்தினீர்கள்? என் கடன் தகுதி குறைந்தது என்று காட்டும் மதிப்பீடு எங்கே?

அதற்கும் முந்திய பதிலே வந்தது. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கிக்கு எழுதினேன். சண்டிகரில் உள்ள மையம் ஒன்று நாடு முழுவதிலிருந்தும் இத்தகைய முறையீடுகளைப் பெற்றுக்கொள்கிறது. கட்டணம் இல்லை, வழக்குரைஞர் வைத்துக்கொள்ளவும் இடமில்லை. முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும். பதில் திருப்தி தரவில்லை என்றாலும், முப்பது நாள் ஆகியும் பதிலே வரவில்லை என்றாலும் அங்கே போகலாம். அவ்வாறு போவதற்கு அப்பொழுது ஓராண்டு அவகாசம் இருந்தது. கடிதத்தை எந்த மொழியில் எழுதினாலும் ஏற்பார்கள் என்ற செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. கடன் பத்திரம் முழுதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. நாற்பது பக்கம் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள், ஒரு பக்கத்தையும் படித்துச் சொன்னார் இல்லை. அதை எதிர்த்து எழுதும் கடிதமாவது என் மொழியில் இருக்கட்டும் என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன்.

அதே சமயத்தில் வேறொரு நன்மையும் வந்து சேர்ந்தது. தவணையை உயர்த்தாமல் காலத்தை மட்டும் நீட்டும் வழக்கத்தைப் பற்றி 2023 ஆகஸ்டு 18ஆம் நாள் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேரும் உரிமை கடன்காரருக்கு உண்டு. நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் வங்கி தன் கொள்கைப்படி அளிக்க வேண்டும். அசலும் வட்டியும் எவ்வளவு கட்டியாயிற்று, இன்னும் எத்தனை தவணை, வட்டி வீதம் என்ன என்ற விவரத்தை மூன்று மாதத்திற்கு ஒரு முறை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. பழைய கடன்களுக்கும் இவற்றை அவ்வாண்டு டிசம்பர் முடிவுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாளும் குறித்திருந்தார்கள்.

2024 ஜனவரியில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. மேற்சேர்ப்பு 2.90 ஆகத் திருத்தப்பட்டது. 2022 அக்டோபர் முதல் 2023 டிசம்பர் வரையில் மிகையாகப் பிடித்த 7,567 ரூபாய் அசலில் வரவு வைக்கப்பட்டது. காரணம் ஒன்றும் எழுதவில்லை. வருந்துகிறோம் என்ற சொல்லும் இல்லை. குறைதீர்ப்பாளர் அலுவலகம், இரு தரப்பும் இசைந்து தீர்ந்த முறையீடு என்று கணக்கை முடித்தது. மனவேதனைக்கு இழப்பீடு கேட்டிருக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். திட்டத்தில் அதற்கு இடம் உண்டு. நான் கேட்கவில்லை, கணக்கு நேரானால் போதும் என்று இருந்துவிட்டேன். மிச்சமிருந்த 203 மாதத்திற்குள் கடன் தீரும்படி தவணையை ஏறத்தாழ 22,500 ரூபாயாக உயர்த்தி எழுதிக் கொடுத்தேன். மாதம் நாலாயிரம் ரூபாய் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்து சுமக்கும் சுமை.

எனக்கு மனம் ஆறாத இடம் வேறொன்று. தலைமை அலுவலகத்திலிருந்து தானாக வந்த வட்டி என்று அந்த அதிகாரி சொன்னார் அல்லவா? தானாக வந்தது என் ஒருவன் கணக்கில் மட்டுமா வந்திருக்கும்? அயர்லாந்து நாட்டில் இதே போன்ற குற்றம் மிகப் பெரிய அளவில் நடந்தது. ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்தோடு பிணைக்கப்பட்ட அடமானக் கடன்களில், வங்கிகள் பலருக்கு அந்த வீதத்தையே மறுத்தன. வேறு பலருக்குத் தவறான மேற்சேர்ப்பைப் போட்டன. சிலர் வீட்டையே இழந்தனர். அந்நாட்டு மத்திய வங்கி 2015 டிசம்பரில் விசாரணையைத் தொடங்கி, கணக்குகளையெல்லாம் வங்கிகளே தேடிப் பார்த்து, முறையிடாதவர்களையும் கண்டுபிடித்துப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பணித்தது. 2019 ஜூலையில் வெளிவந்த முடிவறிக்கைப்படி, பாதிக்கப்பட்டோர் நாற்பதாயிரம் பேருக்கு மேல். திருப்பித் தந்த பணமும் இழப்பீடுமாக 68 கோடி யூரோவுக்கு மேல்.

நம் நாட்டிலும் அத்தகைய ஆணை அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. கடனை உண்மையில் கொடுத்த நாளை விட்டு, அனுமதித்த நாளிலிருந்தோ ஒப்பந்தம் எழுதிய நாளிலிருந்தோ சிலர் வட்டி வாங்கியதை ரிசர்வ் வங்கி தன் ஆய்வில் கண்டு, மிகையாக வாங்கியதைத் திருப்பித் தரச் செய்ததாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. மேற்சேர்ப்பைப் பொறுத்த மட்டில், என் அனுபவத்தில், கேட்டவனுக்குக் கிடைத்தது. எங்கள் ஆலையில் அதே வங்கியில் கடன் பெற்றவர் பலர் உண்டு. இரவு முறை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொருவராகத் தத்தம் பதிவுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். சிலருடையது சரியாகவே இருந்தது. மூவருக்கு அதே அக்டோபரில் அதே கால் சதவிகிதம் ஏறியிருந்தது. மூவரும் கடிதம் எழுதினார்கள். இருவருக்குத் திரும்பி வந்துவிட்டது.

2025-இல் ரெப்போ நான்கு முறை குறைந்து, டிசம்பரில் 5.25-க்கு வந்தது. அதற்கு அடுத்த மறுநிர்ணயத்தில் என் வட்டி 8.15 ஆயிற்று, கழித்துப் பார்த்தேன், 2.90. ரெப்போவோடு பிணைந்த கடன் உடையவர்கள் தங்கள் அனுமதிக் கடிதத்தையும் அண்மைக் கணக்குப் பதிவையும் எடுத்து, மறுநிர்ணய நாளன்று இருந்த ரெப்போவைத் தங்கள் வட்டியிலிருந்து கழித்துப் பார்க்கலாம். கடன் பெற்று மூன்று ஆண்டு நிறைந்திருந்தால் மேற்சேர்ப்பின் ஒரு பகுதியை மாற்றும் உரிமை வங்கிக்கு உண்டு என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். 2019 அக்டோபருக்கு முன் கடன் பெற்றவர்களின் கணக்கு பழைய முறையிலேயே இருக்கக் கூடும். அவர்கள் புதிய முறைக்கு மாற்றித் தருமாறு எழுதிக் கேட்கலாம். எங்கள் மூவரில் மூன்றாமவர் இன்னும் சண்டிகரிலிருந்து வரவேண்டிய பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.